உயில் எழுதாத பெண்ணின் சொத்து யாருக்குப் போகிறது?

கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்தார் ஒரு பெண். புகுந்த வீட்டில் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சொந்தச் சம்பாத்தியத்தில் சொத்து சேர்த்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். மகளின் சொத்தைக் கேட்டு அவருடைய தாய் நீதிமன்றம் போனார். கணவரின் சகோதரி பிள்ளைகளும் போனார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவர் வழி உறவுக்கே சொத்து என்று தீர்ப்பளித்தது. இரக்கப்பட்டுச் சட்டத்தை வேறு மாதிரி படிக்க இயலாது என்பது நீதிபதிகளின் நிலை.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15-இன்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லாதபோதுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. ஓர் ஆண் இறந்தால் அவருடைய தாய், மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சம பங்கு பெறுகிறார். மகளைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த இடம் கிடையாது. இது அநியாயம். ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் உயில் எழுதி இதைச் சரிசெய்துவிடலாம்.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டும் தகப்பன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும். அப்பா உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. பாசத்தோடு மகள் பெயருக்கு எழுதிவைக்கும் பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

"பேங்க்கில் அம்மாவைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். வங்கி வைப்புத்தொகையில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவரே தவிர, உரிமையாளர் அல்லர். வாரிசுகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தமிழிலேயே எழுதலாம். 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் பார்க்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பின்னாளில் வழக்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரையாவது விசாரித்தே உயிலை நிரூபிக்க முடியும். ஆகவே உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். சொத்து பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். யாரையாவது விலக்குவதானால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பதே நல்லது என்பேன். தாள் தொலைந்தாலும் பதிவு இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர் மனுக் கொடுத்தால் அதிகாரி வீட்டுக்கே வருவார். பதிந்த உயிலையும் மாற்றலாம். முறைப்படி கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மென்ட்டை இப்படி நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. வயதான காலத்தில் குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்கும் முன் இந்த வித்தியாசத்தை யோசியுங்கள்.

மற்ற மதத்தவருக்கு விதிகள் வேறு. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும்; புதிதாக எழுத வேண்டும்.

பிள்ளையில்லாத இந்து மகள் உயில் எழுதாமலே போய்விட்டால், அவர் சம்பாதித்த சொத்து, கணவரோ கணவர் வழி வாரிசுகளோ இருக்கும்வரை, அவர்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்தால்தான் பெற்றோருக்கு வரும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வக்கீல் கட்டணம் தடையாக இருக்கக் கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.