விற்பனை நிலைய விளக்கும் சேலையின் நிறமும்

விற்பனை நிலையத்தின் உட்கூரையில் முன்னர்ப் பதித்த ஹாலஜன் குழிவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றுதல் நலமா என எருமப்பட்டி அங்கத்தினர்கள் வினவுகின்றனர். சிக்கனம் கருதின் நலமே. 50 வாட் ஹாலஜன் விளக்குகள் 12, நாள்தோறும் 10 மணி நேரமாக மாதம் 25 நாட்கள் எரிந்தால் 150 யூனிட் மின்சாரம் செலவாகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 7 வாட் எல்.இ.டி. விளக்குகளுக்கு 21 யூனிட் போதும்.

ஆயினும் விலைமலிவு ஒன்றையே நோக்கி வாங்குதல் தகாது. நிறத்தை உள்ளவாறு காட்டாத விளக்கின்கீழ் அரக்கும் பழுப்பும் ஒன்றெனத் தோன்றும். கடையில் கண்ட நிறம் பகலொளியில் வேறாகத் தெரியின், நெய்தவரின் நேர்மையையே வாங்கியவர் ஐயுறுவார். பகலொளியை 100 எனக் கொண்டு நிறங்காட்டும் திறனை அளப்பர். துணிக்கடைக்கு 90க்குக் குறையாத விளக்கே ஏற்றது. வாங்குமுன் உறையில் அவ்வெண்ணைப் பார்த்தல் வேண்டும்.

எல்.இ.டி.யும் சூடேறும். காற்றோட்டமற்ற பழைய குழியில் புதிய பல்பை மட்டும் செருகினால், அதனுள் அமைந்த மின்னணுப் பகுதி விரைவில் பழுதுறும். 12 வோல்ட் ஹாலஜனுக்கு வைத்த டிரான்ஸ்பார்மரும் புதிய விளக்குக்குப் பொருந்தாது மினுக்கம் தரக்கூடும். ஆகவே குழியின் விட்டத்தை அளந்து, விளக்கை அதன் கூட்டுடன் முழுமையாக மாற்றுவதே முறை. மின்னிணைப்பைத் துண்டித்தபின், உரிமம் பெற்ற மின்பணியாளரே இதனைச் செய்தல் வேண்டும்.

நிர்வாகக் குழுவினர் முதலில் ஒரு விளக்கை மட்டும் பொருத்தி, அதன்கீழ் ஒரு சேலையை விரித்துப் பார்ப்பாராக. அதே சேலையை வாயிலுக்குக் கொணர்ந்து பகலொளியிலும் நோக்குக. இரு நிறமும் ஒத்திருப்பின் எஞ்சிய 11 விளக்குகளையும் வாங்கலாம்.