பெரட்டுக்களமும் ஷிப்ட் பேருந்தும்

பினாங்கின் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலுக்கு மேலே ஓடுகிறது. 2014 மார்ச் 1ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலம் பெருநிலத்தில் இறங்கும் இடம் பத்து காவான். ஒரு காலத்தில் ஆறுகளும் கடலும் சூழ, தீவுபோல் ஒதுங்கிக் கிடந்த ஊர் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புக்காடு. தியோச்சூ சீனரும் ஐரோப்பியரும் ஆலை நடத்தினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அந்த ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை. இருட்டோடு பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரம் சீவினால்தான் பால் நன்றாக வடியும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். லயம் எனும் வரிசைவீடுகள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயமே கூடிவிடும். ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் கூரையும் போகும். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

2000ஆம் ஆண்டு சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டிக்காக 40,000 பேர் அமரும் விளையாட்டரங்கம் இங்கே எழுந்தது. பின்னர் சில்லுத் தொழிற்சாலைகள் வந்தன, 2019இல் ஐகியா அறைகலன் கடை வந்தது. பால் வாளி சுமந்தவர்களின் பேத்திகள் இன்று தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு அணிந்து, கண் மட்டும் தெரிய, தூசி நுழையாத அறைகளில் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் வங்கிக்குப் போகிறது. வீட்டுக்கடன் அவர்கள் பெயரில், வீடும் அவர்கள் பெயரில். மோட்டார்சைக்கிளுக்குப் பாலத்தில் 2019 முதல் கட்டணமும் இல்லை. இவை சிறிய லாபங்கள் அல்ல.

இழந்ததோ கணக்கில் ஏறாதது. தோட்டங்கள் கைமாறியபோது லயத்துச் சனம் அடுக்குமாடிகளுக்குச் சிதறியது. ஒருவருக்குப் பகல் ஷிப்ட், அண்டை வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட். முகம் பார்க்கவே வாரமாகிறது. திருவிழாவுக்குத்தான் பழைய உறவுகள் ஒன்று சேர்கின்றன.

அதிகாலையில் ஷிப்ட் பேருந்திலிருந்து இறங்குபவர்களில் நேபாளிகளும் வங்காளதேசிகளும் உண்டு. அவர்களுக்கும் முதலாளி கொடுத்த விடுதிதான் வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2020 முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் நீட்டித்திருக்கிறார்கள்.