சபைக்குள் இறங்கி வரும் கிதார்

பேட்டன் ரூஜ் நகரத்து அரங்கொன்றில், ஐம்பதுகளின் ஓர் இரவில், பக்கவாத்தியக்காரர்கள் மட்டுமே மேடையில் நிற்க, எங்கிருந்தோ கிதாரின் நாதம் எழுந்ததென்றும், சற்று நேரத்தில் கிதார் ஸ்லிம் என்ற பாடகர் மிக நீண்ட வயர் ஒன்று பின்தொடர, ஓர் ஆளின் தோள்மீது அமர்ந்து வாசித்தபடியே வாசல் வழியாக வந்தாரென்றும், அந்தக் காட்சி தம்மை ஆட்கொண்டுவிட்டதென்றும் ப்ளூஸ் கிதார்க் கலைஞர் பட்டி கய் பலமுறை சொல்லியிருக்கிறார். வாசிப்பில் ப்ளூஸ் கிதார் வித்துவான் பி. பி. கிங்கைப் போலவும் மேடை நடத்தையில் ஸ்லிம்மைப் போலவும் இருக்கவேண்டும் என்பது அவர் செய்துகொண்ட சங்கற்பம்.

அந்தச் சங்கற்பம் எளிதில் நிறைவேறவில்லை. 1936-ஆம் ஆண்டு லூசியானா மாகாணத்து லெட்ஸ்வர்த் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பருத்தி பறித்து வளர்ந்த அவர் இயல்பிலேயே மிகுந்த சங்கோசி. முதன்முதலாக ஒரு குழுவில் வாசிக்க வாய்த்தபோது ரசிகர்களுக்கு முதுகைக் காட்டியே நின்றார். 1957-இல் சிகாகோவுக்கு வந்த பிறகு, அந்நகரத்து மதுக்கூடங்களில் ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற கிதார் வித்துவான்களுக்கிடையே தமக்கென ஓர் இடம் தேடவேண்டியிருந்த நிர்ப்பந்தத்தினால்தான் அவரும் நீண்ட வயரைக் கையாண்டார். தெருவில் நின்று வாசிக்கத் தொடங்கி, கதவைத் திறந்துகொண்டு, மேஜைகளுக்கிடையே நுழைந்து, குடித்துக்கொண்டிருந்தவர் காதருகே தந்தியை மீட்டியவாறு மேடையேறுவார். இது வெறும் வேடிக்கை என்று நான் கருதவில்லை. கூச்சத்தை வெல்வதற்கு, எதிரில் இருப்பவர்களுக்கு நடுவிலேயே போய் நின்றுவிடுவதைவிடச் சிறந்த உபாயம் வேறென்ன இருக்கிறது?

அந்நாளில் அவர் மேடையில் செய்த இன்னொரு காரியம் ஒலியைப் பற்றியது. மின்சாரக் கிதாரை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுசென்றால், பெருக்கியிலிருந்து புறப்படும் நாதம் காற்றின் வழியே திரும்பி வந்து தந்தியையே அதிரச் செய்ய, அந்த அதிர்வைத் தந்திக்கு அடியிலுள்ள காந்தச் சுருள் மறுபடியும் மின்னோட்டமாக்கிப் பெருக்கிக்கே அனுப்ப, ஒரு ஸ்வரம் கையின் உதவியின்றியே நீண்டு வளர்ந்து ஓலமிடும். அதனை அவர் பாட்டின் அங்கமாக்கினார். ஆனால் அவருடைய பாடல்களைப் பதிவு செய்துவந்த செஸ் கம்பெனியின் லெனர்ட் செஸ், அதை இரைச்சலென்று ஒதுக்கிவிட்டார். ஆகவே இரவில் கூட்டத்தைக் கிறங்கவைத்த வாசிப்பு இசைத்தட்டில் ஏறவில்லை. அவரோ பகலில் பழுதான மோட்டார் வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரியை ஓட்டி ஜீவனம் நடத்தினார். எரிக் கிளாப்டன் முதலிய ஆங்கில இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1968-இல் நியூயார்க்கில் அவர் வாசித்தபோது, அதற்குள் புகழ்பெற்றுவிட்ட ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாக வந்து கேட்டார்.

முழக்கத்தால் பேர்பெற்ற இவரிடம் என்னைப் பெரிதும் கவர்வது, அவர் ஒலியைக் குறைக்கும் விதமே. 12 அளவுகளில் சுழன்று வரும் விளம்பமான ப்ளூஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு வரியைப் பாடி, அதற்குக் கிதாரால் மறுமொழி சொல்லி, அடுத்த சுற்றில் கிதாரின் திருகை மெல்லத் தணித்துக்கொண்டே போவார்; டிரம் வாத்தியக்காரர் ஓசை எழாதபடி தொட்டுக்கொண்டிருக்க, பாடகர் ஒலிவாங்கியை விட்டு விலகி வெறுங்குரலில் பாட, பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடாதவர்களை அவரே கடிந்துகொள்வதும் உண்டு. சபை முழுவதும் செவியான பிறகு, எதிர்பாராத தருணத்தில் ஒரு தந்தியை விரலால் வளைத்து உச்சத்துக்கு ஏற்றித் திருகை முழுதும் திறந்துவிடுவார். மெல்லிய ஒலிக்குக் காதைப் பழக்கிய பின்பு வருகிற முழக்கமாதலால் அது நெஞ்சில் வந்து மோதுகிறது.

இன்ன பாட்டுக்குப் பின் இன்னது என்று எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. கூட்டத்தின் முகக்குறிப்பைப் பார்த்து அவர் தொடங்குவதை உடன் வாசிப்பவர்கள் பிடித்துக்கொள்ளவேண்டும். ஜான் லீ ஹூக்கரைப் போல் சிறிது, ஹெண்ட்ரிக்ஸைப் போல் சிறிது என்று வாசித்துக்காட்டுவதும், முரசுக் குச்சியாலும் துவாலையாலும் தந்திகளைத் தட்டித் துடைத்து ஒலியெழுப்புவதும், ஒரு பாட்டை நடுவிலேயே விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவுவதும் உண்டு. நல்ல பாட்டுகளை அரைகுறையாய் விட்டுவிடுகிறாரே என்று விமரிசகர்கள் குறைகூறுவதில் நியாயம் இருக்கிறது. சில இரவுகளில் இந்த விளையாட்டு எல்லை மீறி, முழுமையான ஓர் உருப்படியைக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிட்டாமல் போகிறது. ஆயினும் இந்தச் சுயேச்சையைப் பறித்துவிட்டால், அவ்வளவு சுகமான விளம்பகாலப் பாட்டுகளும் பிறந்திரா.

1989-இல் சிகாகோவில் ‘பட்டி கய்’ஸ் லெஜண்ட்ஸ்’ என்ற சொந்த இசைக்கூடத்தைத் திறந்தார். 1991-இல் வெளிவந்த ‘டாம் ரைட், ஐ’வ் காட் த ப்ளூஸ்’ என்ற தொகுப்பு, மேடையில் அவர் வாசிக்கும் வேகத்தை ஒருவாறு தட்டுக்குக் கொண்டுவந்து, 55-ஆம் வயதில் அவருக்கு கிராமி பரிசு வாங்கித் தந்தது. நீண்ட வயர் போய், வயரில்லாத கருவி வந்தபின் கூட்டத்துக்குள் அவர் நடந்து செல்லும் தூரம் இன்னும் அதிகரித்தது. 2023-இல் ஊர் ஊராகச் சென்று வாசிப்பதிலிருந்து விடைபெறும் யாத்திரையைத் தொடங்கினாரேயன்றி, கிதாரைக் கீழே வைத்துவிடவில்லை. தமது இசைக்கூடத்தில் வேறொருவர் கச்சேரி செய்யும் இரவுகளில் வாடிக்கையாளர்களோடு தாமும் ஒருவராக உட்கார்ந்திருந்து, மனம் வந்தால் எழுந்து மேடையேறி ஓரிரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் பழையபடி வந்து அமர்ந்துகொள்வார்.