மிதிவண்டிப் பாதையும் மிதிவண்டி ஓட்டாதவர்களும்

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றிற்காக வருவோரிடம் மருத்துவர்கள் இதைச் சொல்லும்போது பெரும்பாலோர் மறுப்பதில்லை. "எங்கே போய்ச் செய்வது?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. லாரிகள் உரசிக்கொண்டு செல்லும் சாலையின் ஓரத்தில் மிதிவண்டி ஓட்டுமாறு ஒரு நோயாளியிடம் சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது. ஊர்விட்டு ஊர் செல்லும் தொடர்ச்சியான மிதிவண்டிப் பாதையை மக்கள் எவ்வாறு கேட்டுப் பெற்றார்கள் என்பதை, அதில் முன்னோடிகளான நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் உடல்நலம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 30,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 14 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பணிக்கு மிதிவண்டியில் செல்லாதவர்களின் இறப்பு விகிதம், செல்பவர்களுடையதைவிட 39 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி உள்ளிட்ட பிற காரணிகளைக் கணக்கில் எடுத்த பின்னரும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. உடல்நலம் மிக்கவர்களே மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் இதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆகவே அந்த எண்ணை அப்படியே ஓர் உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் நாள்தோறும் செய்தே ஆகவேண்டிய பயணத்தில் உடற்பயிற்சி தானாக அமைந்துவிடுவது பெரிய வசதி. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால், மூட்டுத் தேய்மானம் உடைய பலருக்கு நடப்பதைவிட மிதிப்பது எளிதாக இருக்கிறது.

எல்லோரும் உடனே தொடங்கிவிடலாம் என்பதில்லை. இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு நன்கு கூடும்வரை காத்திருக்க வேண்டும். வலிப்பு, தலைச்சுற்றல் உடையோரும், இன்சுலின் எடுத்துக்கொள்வதால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் வாய்ப்புள்ளோரும் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே சாலையில் இறங்க வேண்டும்.

இனி பாதைக்கு வருவோம். நெதர்லாந்து மக்கள் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள், ஆகவே அங்கே பாதைகள் தாமாக அமைந்தன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. சாலைகளை அகலப்படுத்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மிதிவண்டி ஓட்டுவோர் குறைந்துகொண்டே வந்தனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று பொருள்படும் அதன் தலைப்புச் சொற்களே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயின.

அவ்வியக்கத்தின் முதல் தலைவர் மார்ட்யெ ஃபான் புட்டென், அப்போது ஓர் இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். இயக்கத்தினர் விபத்து மிகுந்த இடங்களில் கூடி நின்றார்கள். தெருவை ஒரு நாள் அடைத்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் மேசைகளைப் போட்டு அண்டை வீட்டாருடன் உணவருந்தினார்கள். இவர்கள் மிதிவண்டி ஆர்வலர்களாகத் தெருவுக்கு வரவில்லை, பெற்றோராக வந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மிதிவண்டிக்கென ஒரு பாதை வேண்டும் என்றால் "எனக்கென்ன?" என்று கேட்கும் ஒருவர், பள்ளிக்குச் சென்ற பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்றால் அப்படிக் கேட்பதில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் ஓடக்கூடாது என்று அரசு ஆணையிட்டபோது, வெறுமையான சாலைகள் எவ்வாறு இருக்கும் என்பதை மக்கள் நேரில் கண்டார்கள். 1975இல் மிதிவண்டி ஓட்டுவோருக்கான சங்கமும் தோன்றியது. ஆபத்தான சாலைகளில் கூட்டமாக ஓட்டிச் சென்று, எங்கெங்கே என்னென்ன குறை என்று பட்டியலிட்டு வெளியிடுவது அச்சங்கத்தின் வழக்கம். முழக்கங்களைவிட அந்தப் பட்டியல்களே பொறியாளர்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

எதிர்ப்பும் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் அரசின் நிதியுதவியுடன் தி ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மாதிரிப் பாதைகள் அமைக்கப்பட்டன. தி ஹேக் நகரின் கடைக்காரர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தார்கள். கார் நிற்க இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அவர்கள் அச்சம். அதைப் பேராசை என்று ஒதுக்குவது சரியாகாது. அன்றாட வருமானத்தைக் கொண்டு குடும்பம் நடத்துபவரின் கவலை அது. அவரைத் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசாமல் பாதையைக் கட்டிவிட்டு, பிறகு விளக்கம் சொல்லப் போவது பயன் தருவதில்லை. அந்த மாதிரிப் பாதைகளில் மிதிவண்டிகள் பெருகின என்றாலும், ஒற்றைப் பாதை ஒரு நகரின் பழக்கத்தை மாற்றிவிடவில்லை. புறப்படும் வீட்டிலிருந்து சென்று சேரும் இடம் வரை பாதுகாப்பு தொடர வேண்டும். டெல்ஃப்ட் என்ற சிறு நகரம் பின்னர் ஊர் முழுவதற்கும் வலைப்பின்னலாகப் பாதைகளை அமைத்தது அதனால்தான்.

ஒரு நகருக்குள்ளேயே இவ்வளவு சிக்கல் என்றால், பல ஊர்களைக் கடக்கும் பாதை இன்னும் கடினம். இதற்குக் கோபன்ஹேகன் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. நகருக்குள் மிதிவண்டி ஓட்டுவோர் ஏராளம். ஆனால் பயணம் சுமார் 5 கிலோமீட்டரைத் தாண்டினால் மக்கள் காருக்கு மாறிவிடுவதைக் கண்டார்கள். புறநகர்ப் பாதைகள் ஒவ்வொரு நகராட்சி எல்லையிலும் தன்மை மாறின. ஒரு நகராட்சி விளக்கு வைத்திருக்கும், அடுத்தது வைத்திருக்காது. எனவே பல நகராட்சிகள் ஒன்றுகூடி ஒரே தரத்தை வகுத்துக்கொண்டன. கோபன்ஹேகனையும் மேற்கே உள்ள ஆல்பெர்ட்ஸ்லுண்டையும் இணைக்கும், சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாதை 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வழியில் காற்றடிக்கும் குழாய்கள், சிவப்பு விளக்கில் காத்திருக்கும்போது காலை ஊன்றிக்கொள்ளும் தாங்கிகள் போன்ற சிறு வசதிகளும் உண்டு.

இந்தக் கூட்டமைப்பில் நகராட்சிகளுடன் பங்காளியாக இருப்பது தலைநகர வட்டார நிர்வாகம். அதன் முதன்மையான பணி மருத்துவமனைகளை நடத்துவது. நோயாளிகளின் சிகிச்சைச் செலவைச் சுமக்கும் ஓர் அமைப்பு, மக்கள் நோயாளிகளாகாமல் இருப்பதற்கான சாலையில் அக்கறை கொள்கிறது. நம் நாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு துறைகள். ஒன்றின் கணக்கு மற்றொன்றின் கண்ணில் படுவதில்லை.

பாதை இல்லாமலும் மக்கள் ஆதரவு பெருக முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். கிராம சுகாதாரச் செவிலியரும் அவர்களுள் அடக்கம். அங்கும் அது விளையாட்டாகப் பார்க்கப்படவில்லை. பேருந்துக்காகக் காத்திராமல் தாமே வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் உரிமையாகப் பார்க்கப்பட்டது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் இதில் என்ன செய்யலாம்? உங்கள் பகுதியில் பாதை குறித்த பேச்சு எழும்போது, மிதிவண்டி ஓட்டாதவர்கள் என்பதற்காக ஒதுங்கி நிற்க வேண்டாம். நெதர்லாந்தில் மின்சாரச் சக்கர நாற்காலியில் செல்வோரும் மிதிவண்டிப் பாதையைப் பயன்படுத்தலாம். கால் இழந்த ஒருவருக்கு அப்பாதை மற்றவர்களுக்கு இருப்பதைவிட முக்கியம். இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியர், உள்நோயாளிக்கு உணவு கொண்டுவரும் மகன், மாத மாத்திரைக்காக வரும் முதியவர் ஆகியோருடைய சொற்களுக்குத் தனி மதிப்பு உண்டு. "பாதை வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை, எந்தப் பாலத்தில் ஓரம் இல்லை, எந்த நேரத்தில் கடக்க முடிவதில்லை என்று இடமும் நேரமும் குறித்து எழுதுங்கள். அந்தச் சாலை ஊராட்சியுடையதா, நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் மூன்றும் வருவதுண்டு, மூவருக்கும் தனித்தனியே மனு கொடுக்க வேண்டியிருக்கும். கிராமங்களில் இருப்பவர்கள் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கூடும் கிராம சபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வழியில் உள்ள அடுத்தடுத்த ஊராட்சிகளும் அதே தீர்மானத்தை நிறைவேற்றினால், அது ஓர் ஊரின் கோரிக்கையாக அல்லாமல் முழு வழித்தடத்தின் கோரிக்கையாக மாவட்ட ஆட்சியரிடம் சென்று சேரும்.