உங்களுக்குத் தெரியுமா? தண்டல், பருப்பு, மத்தி மீன்!

விழுப்புரம், திருவண்ணாமலை கரும்பு விவசாயிகள் உலகப் புகழ் பெற்ற 'சயின்ஸ்' இதழில் இடம்பிடித்தவர்கள்! 2013-ல் வெளிவந்த ஆய்வு அது. மொத்தம் 464 பேர். மூளைக்கு வேலை தரும் புதிர்கள். கரும்பு வெட்டுக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில் சராசரியாகச் சரியாகப் போட்டது 4.35. வெட்டு முடிந்து பணம் வந்தபின்? 5.45! அதே ஆட்கள்தான், ஐயா!

சென்னை கோயம்பேடு சந்தை. ஒரு சிறு வியாபாரி காலையில் 1,000 ரூபாய் தண்டல், அதாவது தினக்கடன், வாங்கிச் சரக்கெடுத்தால், சாயங்காலம் 1,050 எண்ணி வைக்க வேண்டும். வட்டி ஒரு நாளைக்கு 5 சதவீதம்! அந்த வியாபாரி தினமும் வெறும் 5 ரூபாய் ஒதுக்கி, அதையும் சரக்கில் போட்டு, அந்த அளவுக்குத் தண்டலைக் குறைத்துக்கொண்டே வந்தால் கடன் தீர எத்தனை நாள்? 200 என்றுதானே கணக்குப் போட்டீர்கள்? இல்லை, 50! மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து உழைக்கிறதே. நம்பாதவர்கள் கால்குலேட்டரைத் தட்டலாம்.

'கடனை நாமே அடைத்துவிட்டால் தொல்லை விட்டதே' என்கிறீர்களா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்! சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆய்வாளர்களே அடைத்தார்கள். பெரும்பாலானவர்கள் மறுபடியும் கடனில் விழுந்தது எத்தனை நாளில் தெரியுமா? ஆறே வாரத்தில்!

சென்னையில் 452 பேரின் தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை! மெத்தை, ஃபேன், கண்பட்டை எல்லாம் கொடுத்து ராத்தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். சம்பாத்தியம் கூடியதா? ஊஹூம்! மதியம் வேலை செய்யும் இடத்திலேயே குட்டித்தூக்கம் போட்டவர்களுக்குத்தான் வேலைத்திறன் ஏறியது! (இந்தத் துணுக்கை மட்டும் வெட்டி மேனேஜர் மேஜையில் வைக்கவும்.)

1997 ஜனவரி 14, காலை 8 மணி, கேரளாவின் வடகரை. வாங்க ஆளில்லாமல் 11 மீனவர்கள் பிடித்த மீனைக் கொட்டுகிறார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள்! பிறகு செல்போன் வந்தது. கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டார்கள். மத்தி பிடித்தவர்களின் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குபவர்களுக்கு விலை 4 சதவீதம் இறங்கியது!

ராஜஸ்தானின் உதய்பூர் கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 6 சதவீதம். வாசலுக்கே முகாம் வந்தது, 18 ஆனது. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் எவர்சில்வர் தட்டு என்றார்கள். 39! பருப்பு கொடுத்துக் கட்டுப்படியாகுமா? ஒரு குழந்தைக்கான செலவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது! இதை நடத்திய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். டுஃப்லோவுக்கு அப்போது வயது 46. பொருளாதார நோபல் வாங்கியவர்களில் அவர்தான் இளையவர்!

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள்!

கென்யாவில் 10,500-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர் ரொக்கம். திருப்பித் தர வேண்டாம்! கொடுத்த ஒவ்வொரு டாலரும் கடை, கூலி என்று சுற்றிச் சுற்றி அந்த வட்டாரத்துக்குச் சுமார் இரண்டரை டாலர் ஆனது. இவ்வளவு பணம் இறங்கியதில் விலைவாசி எவ்வளவு ஏறியது? வெறும் 0.1 சதவீதம்!