மந்திரி மீனின் பசி

திருகோணமலைத் துறைமுகம் உலகத்துச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதற்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை அங்கேதான் கடலோடு கலக்கின்றது. வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே, புறாமலைத்தீவு அமைந்துள்ளது. 1963ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட அத்தீவு, தன்னைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளோடு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே முகமூடி அணிந்து நீருள் நோக்குவோர், வண்ண மீன்கள் கூட்டங்கூட்டமாய் உலவுவதைக் கண்டு வியந்து நிற்பர்.

அவ்வழகைத் தம் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர விரும்புவோர் உலகெங்கும் உளர். இலங்கைக் கடல்களில் பல்லாண்டு முக்குளித்த ரொட்னி ஜொங்க்ளாஸ், கடல் வண்ண மீன்களைப் பிடிக்கும் முறைகளை விளக்கி 1975ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கீழ்க்கரைக் கடல் அமைதியாய் இருத்தலின், முக்குளிப்போர் அக்காலத்தில் திருகோணமலைப் பக்கம் வருவது வழக்கம். ஆனால் மீனைப் பிடிப்பது ஒரு கலை. பிடித்த மீனை உயிரோடு வைத்திருப்பது வேறொரு கலை. இரண்டாவது கலை எத்துணை அரியது என்பதை உணர்த்த மாண்டரின் மீன் ஒன்றே போதும்.

இம்மீன் இலங்கைக் கடலுக்குரியதன்று. ஜப்பானின் ரியூக்கியுத் தீவுகள் முதல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஊடாக அவுஸ்திரேலியா வரையுள்ள மேற்குப் பசிபிக் கடலே இதன் தாயகம். பிலிப்பைன்ஸில் கிடைத்த மீனைக் கொண்டு ஹெர் என்னும் அறிஞர் 1927ஆம் ஆண்டில் இவ்வினத்தை முதன்முதல் விவரித்தார். சீனத்து உயர் அதிகாரிகளின் பட்டாடையை ஒத்த வண்ணக் கோலம் இதற்கு இப்பெயரைத் தந்தது. மாண்டரின் என்ற அச்சொல், தமிழரும் அறிந்த மந்திரி என்ற சொல்லே மலாய், போர்த்துக்கேய மொழிகளின் வழியாகச் சென்று உருமாறியதாகும். ஆகவே இதனை மந்திரி மீன் என்றே அழைக்கலாம். விரல் நீளமே உள்ள இம்மீனுக்குச் செதில் இல்லை. தடித்த வழுவழுப்பான படலமே உடலைக் காக்கின்றது.

இத்தகைய மீனை விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுகின்றனர். பிற மீன்கள் தூவிய இரையை விழுந்து விழுந்து தின்கின்றன. மந்திரி மீனோ அதனை ஏறிட்டும் பாராது, கல்லையும் மணலையும் கொத்திக்கொண்டு மெல்ல ஊர்கின்றது. சில கிழமைகளில் அதன் வயிறு ஒட்டி, ஒருநாள் மடிந்து கிடக்கின்றது. நோய் எதுவும் இல்லை, நீரும் தூயதே. உணவு நிறைந்த தொட்டியில் அது பட்டினியால் இறந்தது.

காரணம் என்ன? மந்திரி மீனின் முதன்மை இரை கோப்பிபொட் எனப்படும் நுண்ணிய உயிர். துடுப்பைப் போன்ற கால்களை உடையதாதலின் கிரேக்க மொழியில் அப்பெயர் பெற்றது. தமிழில் துடுப்புக்காலி எனலாம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் அளவினவே. அவை கல்லின் இடுக்குகளிலும் பாசியிலும் ஒட்டி வாழ்வன. மந்திரி மீன் அவற்றை ஒவ்வொன்றாய்த் தேடிக் கொத்தித் தின்னும். ஒரே வேளையில் வயிறு நிறைய உண்டு ஓய்ந்திருப்பது இதன் இயல்பன்று. பகல் முழுதும் சிறுகச் சிறுக உண்பதே இதன் வாழ்வு. அசையாத உலர்ந்த உருண்டையை இது இரையென்றே கொள்வதில்லை.

எனவே இம்மீனுக்கு உணவளிப்பது என்பது, தொட்டியையே ஒரு விளைநிலமாக ஆக்குவதாகும். புதிதாய் அமைத்த தொட்டியின் நீர் நான்கு முதல் ஆறு கிழமைகளில் மீன் வாழத்தக்கதாகலாம். ஆனால் கற்களில் நுண்ணுயிர் பெருகித் தழைப்பதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்தல் வேண்டும். இருநூறு லீற்றருக்குக் குறையாத நீரும், துளைகள் மிக்க கற்கள் நிறைந்த இடமும் ஒரு மீனுக்கே தேவை. அதே இரையை விரைந்து தின்னும் வேறு மீன்களை உடன் விடுதல் கூடாது.

விளைநிலத்துக்கு விதைநெல் வேண்டுமன்றோ? அதற்காகத் தேர்ந்தவர்கள், பெருந்தொட்டியோடு குழாயால் இணைந்த சிறுதொட்டி ஒன்றை அமைப்பர். அதில் மீன் எதுவும் இராது. நூல்போல் பின்னிய கடற்பாசியே இருக்கும். துடுப்புக்காலிகள் அப்பாசியில் அச்சமின்றிப் பெருகும். நீரோட்டம் அவற்றுள் ஒரு பகுதியை மீன் இருக்கும் தொட்டிக்கு இடைவிடாது கொண்டுசேர்க்கும்.

துணையுணவாக ஆட்டீமியா என்னும் உப்புநீர் இறாற்குஞ்சுகளை அளிக்கலாம். அவற்றின் முட்டைகள் வெதுவெதுப்பான உப்புநீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். பொரித்தவுடன் அவற்றைக் கொடுத்தல் நலம். மஞ்சட்கரு தீர்ந்தபின் அவற்றின் சத்துக் குறைந்துவிடும். அவை துடித்து நீந்துதலின் மீனின் கண்ணைக் கவரும். நாளடைவில் உறைந்த இரையையும் ஏற்கப் பழகும் மீன்களும் உண்டு. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை எளிதிற் பழகும். ஆதலின் அத்தகையவற்றையே வாங்குதல் அறிவுடைமை.

மீனின் பசியை அறிய அதன் வயிற்றை நோக்குதல் போதும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கும்போது வயிறு சற்றே உருண்டிருப்பின் நலம். வயிறு உட்குழிந்து, முதுகின் இரு புறமும் ஒடுங்கித் தோன்றினால், அது பல நாட் பட்டினியின் அடையாளம். கடையில் அந்நிலையிலுள்ள மீனை இரக்கத்தால் வாங்கினும் காப்பாற்றுவது அரிது.

திருகோணமலையில் வாழ்வோருக்குக் கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. எனினும் மாரி மழைக்காலத்தில் மகாவலியின் வெள்ளம் குடாவில் கலப்பதால் மேல்நீரின் உப்பு குறையும். துறைமுகத்தில் கப்பல்களின் எண்ணெயும் மிதத்தல் கூடும். ஆகவே அளந்து பாராது அந்நீரைத் தொட்டியில் வார்த்தல் தகாது. புறாமலைத்தீவிலிருந்து ஒரு கல்லையோ ஓர் உயிரையோ எடுத்துவருதல் சட்டத்துக்கு மாறானது.

ஓராண்டு பொறுத்துத் தொட்டியை விளைவித்தவர் வீட்டில் மந்திரி மீன் பல ஆண்டு வாழும். அந்தப் பொறுமை இல்லாதவர் அதனை விலைக்கு வாங்காதிருத்தலே அதற்குச் செய்யும் அருளாகும். அவர்கள் நிலாவெளியில் தோணி ஏறி, தாமே இரை தேடி உண்ணும் மீன்களைக் கடலிலேயே கண்டு மகிழலாம்.