லேபிள் ஃபைலையும் சேமிப்போம்



மாங்காய் ஊறுகாய், கேழ்வரகு மாவு, மசாலாப் பொடி என்று நாம் எதைச் செய்து விற்றாலும் அதற்கு லேபிள் வேண்டும். ஒரு தடவை டிசைன் செய்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் விலை மாறும், எடை மாறும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் மாறலாம். அப்போது பழைய ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது. ஃபைல் திறக்கவில்லை என்றால் முதலிலிருந்து டிசைன் செய்ய வேண்டும். கூலி இரண்டாவது தடவை போகும், ஆர்டரும் தள்ளிப்போகும்.

ஃபைல் ஏன் திறப்பதில்லை?

டிசைன் சாஃப்ட்வேர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகின்றன. புதிய பதிப்பு பெரும்பாலும் பழைய ஃபைலைத் திறக்கும். பழைய பதிப்புக்குப் புதிய ஃபைலைப் படிக்கத் தெரியாது. ஓசூரில் டிசைன் செய்துவிட்டு, அத்திப்பள்ளியிலோ பெங்களூரிலோ அச்சுக்குக் கொடுத்தால், இரண்டு கடையிலும் ஒரே பதிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. அச்சகத்தில் பழைய பதிப்பு இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும்.

இதற்கு வழி சுலபம்தான். டிசைன் செய்பவர் சேமிக்கும்போதே பழைய பதிப்புக்கும் ஒரு நகல் எடுக்க வேண்டும்.

கோரல் டிராவில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் 'வெர்ஷன்' என்று ஒரு கட்டம் வரும். அதில் அச்சகத்தில் உள்ள பதிப்பின் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்டிசைனில் 'ஐடிஎம்எல்' என்ற வகையில் சேமித்தால், 2008ல் வந்த சிஎஸ்4 முதல் எல்லாப் பதிப்பிலும் திறக்கும்.

பழைய பதிப்புக்கு மாற்றும்போது நிழல், வண்ணக் கலவை போன்றவை கொஞ்சம் மாறலாம். அதனால் அந்த நகலை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

பேஜ்மேக்கர் ஃபைல் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

பழைய குழுக்களின் லேபிள், நோட்டீஸ் பலவும் பேஜ்மேக்கரில் செய்தவை. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001ல் வந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004ல், அடோபி நிறுவனம் அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. 2012ல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கலாம். அதற்குப் பின் வந்த இன்டிசைன் திறக்காது. பழைய சாஃப்ட்வேர் உள்ள கடை பக்கத்தில் இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துரு இல்லாவிட்டால்?

ஃபைல் திறந்தும் தமிழ் வராமல் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனி ஏற்பாடு இருந்தது. தமிழக அரசு 1999ல் டாம், டாப் என்ற முறைகளையும், 2010ல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. லேபிளில் கன்னடம் சேர்த்தால் அதற்கும் இதே பிரச்சினைதான். எனவே எழுத்துருவையும் ஃபைலோடு வாங்க வேண்டும். இன்டிசைனில் 'பேக்கேஜ்' கொடுத்தால் படங்களும் எழுத்துருக்களும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும்.

கோரல் டிராவில் எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக மாற்றினால் எழுத்துரு இல்லாமலே அச்சாகும். ஆனால் அதற்குப் பிறகு டைப் செய்து திருத்த முடியாது. அதனால் மாற்றாத நகல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியவை

1. திருத்தக்கூடிய அசல் ஃபைல்
2. பழைய பதிப்பில் சேமித்த நகல்
3. பிடிஎஃப் (எந்தக் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம், அச்சடிக்கலாம்; திருத்துவது கடினம்)
4. எழுத்துருக்கள், படங்கள்
5. சாஃப்ட்வேர் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதிய ஒரு சீட்டு

"ஃபைல் எங்ககிட்டயே இருக்கட்டும், எப்ப வேணும்னாலும் வாங்க" என்று கடைக்காரர் சொல்வார். கடை மாறலாம், கம்ப்யூட்டர் பழுதாகலாம். கூலி பேசும்போதே, "வேலை முடிஞ்சதும் ஃபைலையும் எங்களுக்குக் கொடுத்துடணும்" என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள்.

ஒரு பென் டிரைவ் குழுவிடமும், இன்னொரு நகல் கூட்டமைப்பு அலுவலகத்திலும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் லேபிளைப் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

பணச் சேமிப்புக்கு பாஸ்புக் வைத்திருக்கிறோம். குழுப் பணத்தில் செய்த டிசைனும் குழுவின் சொத்துதான். அடுத்த கூட்டத்தில் நம் லேபிள் ஃபைல் யாரிடம் இருக்கிறது, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.